பர்ட் மன்ரோ

பர்ட் மன்ரோ (இயற்பெயர்: ஹெர்பர்ட் ஜேம்ஸ் மன்ரோ, மார்ச் 25, 1899 – ஜனவரி 6, 1978) நியூசிலாந்து நாட்டைச் சேர்ந்த மோட்டார் சைக்கிள் பந்தய வீரரும், தாமே கற்றுத் தேர்ந்த இயந்திரக் கைவினைஞரும் ஆவார். 1920 ஆம் ஆண்டு வாங்கிய இந்தியன் ஸ்கவுட் வகை வண்டி ஒன்றை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தொடர்ந்து மாற்றியமைத்து, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பொன்னவில் உப்புச் சமவெளியில் 1962, 1966, 1967 ஆகிய ஆண்டுகளில் வேகச் சாதனைகள் படைத்தார். இவற்றுள் கடைசிச் சாதனையின்போது அவருக்கு வயது 68.

இங்கு இந்தியன் என்பது அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இயங்கிய மோட்டார் சைக்கிள் நிறுவனம் ஒன்றின் பெயராகும். இந்திய நாட்டுடன் அதற்குத் தொடர்பு இல்லை.

இளமைக் காலம்

மன்ரோ நியூசிலாந்தின் தென்கோடியில் உள்ள இன்வர்கார்கில் நகரில் பிறந்தார். அவருடன் பிறந்த இரட்டைச் சகோதரி பிறப்பிலேயே இறந்தார். மன்ரோவும் இரண்டு வயதைத் தாண்ட மாட்டார் என்று மருத்துவர்கள் பெற்றோரிடம் கூறியிருந்தனர். அவர் எடன்டேல் என்ற ஊரில் இருந்த குடும்பப் பண்ணையில் வளர்ந்தார். பண்ணையின் விரைவான குதிரையை ஓட்டிய காலத்திலேயே அவருக்கு வேகத்தில் நாட்டம் ஏற்பட்டது. பின்னர் மோட்டார் சைக்கிள் விற்பனையாளராகவும் பழுது பார்ப்பவராகவும் பணிபுரிந்தார். இன்வர்கார்கில்லுக்கு அருகில் உள்ள ஒரேட்டி கடற்கரையின் இறுகிய மணற்பரப்பே அவருடைய முதன்மைப் பந்தயக் களமாக விளங்கியது.

1927 இல் திருமணம் செய்துகொண்ட அவருக்கு நான்கு பிள்ளைகள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மணவாழ்க்கை முறிந்தது. அதன் பின்னர் வேலையை விட்டு, வண்டிகள் நின்ற கொட்டகையிலேயே தங்கி வாழ்ந்தார். முதலில் அவருடைய பெயரின் சுருக்கம் பெர்ட் என்றே எழுதப்பட்டது. அமெரிக்க இதழ் ஒன்று அதைப் பிழையாக அச்சிட்டதைத் தொடர்ந்து பர்ட் என்ற வடிவத்தை அவரே ஏற்றுக்கொண்டார்.

இந்தியன் ஸ்கவுட்

ஸ்கவுட் வண்டியை சார்லஸ் பிராங்க்ளின் என்ற பொறியாளர் வடிவமைத்தார். அது V வடிவில் அமைந்த இரண்டு சிலிண்டர்களும், சுமார் 600 கன செ.மீ. கொள்ளளவும், மூன்று கியர்களும் கொண்டது. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அதன் உச்ச வேகம் மணிக்கு 55 மைல் (சுமார் 89 கி.மீ.) மட்டுமே. மன்ரோ வாங்கிய வண்டி அவ்வகையில் தயாரான 627 ஆவது வண்டி எனப்படுகிறது.

1926 ஆம் ஆண்டு மன்ரோ அதை மாற்றியமைக்கத் தொடங்கினார். பணமும் நல்ல கருவிகளும் இல்லாத நிலையில் இரவு முழுவதும் வேலை செய்துவிட்டு, உறங்காமலேயே காலையில் பணிக்குச் செல்வது அவருடைய வழக்கம். பழைய தகர டப்பாக்களை அச்சாகக் கொண்டு பிஸ்டன்களை வார்த்தார். டிராக்டரின் பழைய அச்சு ஒன்றிலிருந்து இணைப்புத் தண்டுகளைக் கையாலேயே செதுக்கி எடுத்தார். சக்கரத்தின் பழைய ஆரக்கம்பி ஒன்று அவருக்கு நுண்ணளவியாகப் பயன்பட்டது. பக்கவாட்டில் இருந்த வால்வுகளை நீக்கி, சிலிண்டரின் தலைப்பகுதியில் வால்வுகள் அமையும்படி இயந்திரத்தை மாற்றினார். இயந்திரத்தின் கொள்ளளவு படிப்படியாகக் கூடி இறுதியில் 950 கன செ.மீ. ஆனது.

ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் ஏதேனும் ஓர் உறுப்பு உடைந்தது. உடைந்த பிஸ்டன்களையும் தண்டுகளையும் அவர் எறிந்துவிடாமல் கொட்டகையின் அலமாரியில் வரிசையாக வைத்திருந்தார்.

கிளட்சும் புறப்பாடும்

இயந்திரத்தின் ஆற்றல் கூடும்போது, அதைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கும் உறுப்புகளும் அதே அளவில் வலுப்பெற வேண்டும். இல்லையெனில் கிளட்ச் வழுக்கும். இயந்திரம் சுழலும், வண்டி வேகம் கொள்ளாது. ஒரு கிளட்ச் வழுக்காமல் தாங்கக்கூடிய சுழல்விசை நான்கு காரணிகளைப் பொறுத்தது. அவை தட்டுகளின் ஆரம், உராயும் பரப்புகளின் எண்ணிக்கை, உராய்வுக் குணகம், தட்டுகளை அழுத்தும் சுருள்வில்லின் விசை என்பன. சிறிய வண்டியில் ஆரத்தைப் பெரிதாக்க இடம் இல்லை. எனவே மன்ரோ 17 தட்டுகளையும், ஏறத்தாழ 1000 பவுண்டு (சுமார் 450 கிலோ எடைக்கு நிகரான) அழுத்தத்தையும் கொண்ட கிளட்ச் ஒன்றைத் தாமே உருவாக்கினார். ஆற்றலைக் கடத்த மூன்று வரிசைச் சங்கிலியையும் பொருத்தினார்.

ஸ்கவுட் அதன் மூல வடிவில் காலால் இயக்கும் கிளட்சும், கையால் மாற்றும் கியரும் கொண்டது. மேலும், மணிக்கு 180 மைலுக்கு மேல் செல்வதற்காக அமைந்த கியர் விகிதத்துடன் நின்ற இடத்திலிருந்து புறப்படுவது எளிதன்று. முதல் கியரே மிக உயர்ந்த விகிதம் ஆகிவிடும் என்பதால், கிளட்சை நெடுநேரம் வழுக்கவிட்டு வேகம் கூட்ட நேரிடும். அவ்வாறு செய்தால் தட்டுகள் கருகிவிடும். ஆகவே பொன்னவில்லில் துணைக்கு நின்றவர்கள் வண்டியைத் தள்ளிவிட்டுப் புறப்படச் செய்தனர். அங்கு அளவிடப்படும் மைலுக்கு முன்னர் வேகம் கூட்ட நீண்ட தூரம் இருந்ததால் மெதுவான தொடக்கம் குறையாகக் கருதப்படவில்லை.

கால் மைல் நேர்கோட்டுப் பந்தயத்தில் (டிராக் ரேஸ்) நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கு முதல் சில மீட்டர்களிலேயே வெற்றி தோல்வி பெருமளவு முடிவாகிவிடும். கிளட்சைத் திடீரென விட்டால் பின்சக்கரம் வெறுமனே சுழலும், அல்லது முன்சக்கரம் மேலெழும். மிக மெதுவாக விட்டால் நேரம் வீணாகும். தற்காலப் பந்தய வண்டிகள் சிலவற்றில் புறப்படும் கணத்தில் இயந்திரச் சுழற்சியைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பு உண்டு. மன்ரோவின் காலத்தில் அந்தக் கணிப்பு முழுவதும் ஓட்டுநரின் கையிலும் காதிலுமே இருந்தது.

இத்தகைய பந்தயங்களுக்கு மன்ரோ பெரும்பாலும் தம்மிடம் இருந்த 1936 ஆம் ஆண்டின் வெலோசெட் எம்எஸ்எஸ் வண்டியைப் பயன்படுத்தினார். ஒற்றைச் சிலிண்டரும் சுமார் 500 கன செ.மீ. கொள்ளளவும் கொண்டிருந்த அதையும் 600 கன செ.மீ.க்கு மேல் விரிவாக்கினார். இதில் கிளட்ச் கையிலும் கியர் காலிலும் அமைந்திருந்தன. வெலோசெட் வண்டிகளின் கிளட்ச், பின்சக்கரச் சங்கிலியின் பற்சக்கரத்துக்கு உட்புறமாக மிக ஒடுங்கிய இடத்தில் அமைந்தது. அதைச் சரியாக அமைப்பதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். ஆக, நெடுந்தூர ஓட்டத்துக்கு ஒன்று, உடனடிப் புறப்பாட்டுக்கு ஒன்று என ஒன்றுக்கொன்று முரணான இருவகை வண்டிகளை ஒரே கொட்டகையில் அவர் பராமரித்து வந்தார்.

பொன்னவில் சாதனைகள்

மன்ரோ பொன்னவில்லுக்குப் பத்து முறை சென்றார். முதல் முறை பார்வையாளராக மட்டுமே சென்றார். அங்கு எதிரெதிர்த் திசைகளில் ஓடும் இரண்டு ஓட்டங்களின் சராசரியே சாதனையாகப் பதிவு செய்யப்படுகிறது.

1962: 850 கன செ.மீ. இயந்திரத்துடன், 883 கன செ.மீ. பிரிவில் மணிக்கு 178.95 மைல் (288 கி.மீ.).

1966: 920 கன செ.மீ. இயந்திரத்துடன், 1000 கன செ.மீ. பிரிவில் மணிக்கு 168.066 மைல் (270.476 கி.மீ.). இது வேறு பிரிவு என்பதால் முந்தைய வேகத்தை விடக் குறைவாக இருந்தும் சாதனையாயிற்று.

1967: 950 கன செ.மீ. இயந்திரத்துடன், 1000 கன செ.மீ.க்கு உட்பட்ட பிரிவில் மணிக்கு 183.586 மைல் (295.453 கி.மீ.).

1967 இல் தகுதிச் சுற்றில் ஒரு திசையில் மட்டும் மணிக்கு 190.07 மைல் வேகத்தை எட்டினார். அவர் 200 மைலைக் கடந்த ஓட்டம் ஒன்றும் உண்டு; ஆனால் அது அதிகாரப்பூர்வமாக ஏற்கப்படவில்லை. அதே ஆண்டு ஓர் ஓட்டத்தின் நடுவே வண்டி கடுமையாக ஆடத் தொடங்கியது. வேகத்தைக் குறைக்க அவர் நிமிர்ந்து அமர்ந்தபோது காற்று அவருடைய கண்ணாடியைப் பறித்துச் சென்றது. பார்வை மறைந்த நிலையில் பாதையை விட்டு விலகி, எஃகுக் கம்பம் ஒன்றின் மீது மோதாமல் நூலிழையில் தப்பி, வண்டியைச் சாய்த்து வீழ்த்தி நிறுத்தினார். சிறு காயங்களுடன் உயிர் பிழைத்தார்.

இறுதிக் காலம்

1950களின் பிற்பகுதி முதலே மன்ரோ இதய நோயால் அவதிப்பட்டார். 1977 இல் பக்கவாதம் ஏற்பட்டு உடல் வலு குறைந்தது. வண்டிகள் தம் ஊர்ப்பகுதியை விட்டு வெளியே போய்விடக் கூடாது என விரும்பிய அவர், இரண்டையும் உள்ளூர் வணிகரான நார்மன் ஹேய்ஸ் என்பவருக்கு விற்றார். 57 ஆண்டுகள் தம்மிடம் இருந்த ஸ்கவுட்டைப் பிரிந்த சில காலத்திலேயே, 1978 ஜனவரி 6 அன்று, தமது 78 ஆவது வயதில் இன்வர்கார்கில்லில் காலமானார்.

நினைவு

ரோஜர் டொனால்ட்சன் 1970களின் தொடக்கத்தில் மன்ரோவைப் பற்றி ஆவணப்படம் ஒன்றை எடுத்தார். அவரே 2005 இல் இயக்கிய திரைப்படத்தில் மன்ரோவாக அந்தோணி ஹாப்கின்ஸ் நடித்தார். திரைக்கதையில் பல நிகழ்ச்சிகள் சுருக்கப்பட்டும் புனையப்பட்டும் உள்ளன. 2006 இல் அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்தின் புகழ் மண்டபத்தில் மன்ரோவின் பெயர் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு முதல் இன்வர்கார்கில் பகுதியில் அவர் பெயரால் பந்தய விழா நடத்தப்பட்டு வருகிறது. ஒரேட்டி கடற்கரைப் பந்தயமும் அதில் அடங்கும்.

1967 ஆம் ஆண்டுச் சாதனையின் சராசரியில் கணக்குப் பிழை இருப்பதை மன்ரோவின் மகன் பின்னாளில் கண்டறிந்தார். அதை ஏற்ற அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம், மன்ரோ இறந்து 36 ஆண்டுகள் கழித்து, 2014 இல் சாதனை வேகத்தை மணிக்கு 184.087 மைல் (296.259 கி.மீ.) எனத் திருத்தி அறிவித்தது.