நூலகர் இரங்கநாதன்

தஞ்சை மாவட்டத்துச் சீகாழியில் 1892இற் பிறந்த இரங்கநாதன் அவர்கள் முதலிற் கணித ஆசிரியராகவே விளங்கினார். 1924இற் சென்னைச் சர்வகலாசாலை நூல்நிலையப் பொறுப்பை ஏற்றவர், அங்கு நிலவிய தனிமையைப் பொறாது சின்னாட்களிலேயே வகுப்பறைக்குத் திரும்ப விழைந்தார். இலண்டன் சென்று பயின்றபின் முடிவு செய்யலாமெனக் கல்லூரித் தலைவர் தடுத்திராவிடில், நாம் இன்று அவரை அறிந்திருப்போமா என்பது ஐயமே.

இங்கிலாந்தில் எளிய மக்களும் பொது நூல்நிலையங்களுக்குச் சென்று பயன்பெறுவதைக் கண்டார். நம் பக்கத்திலோ நூலைப் பூட்டிக் காப்பதே நூலகர் கடன் என்றிருந்த காலம் அது! 1925இல் மீண்டவர் வகுப்பறையை மறந்தார். 1931இல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் நூலின் பயன்பாடே முதலிடம் பெற்றது. அவ்வாண்டே மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி ஏறி நூல்கள் கிராமங்களை நாடின.

அவருடைய நெடுநாள் முயற்சியால் 1948இற் சென்னை மாகாணத்தில் நூலகச் சட்டம் நிறைவேறியது. சொத்துவரியோடு சிறு தீர்வை சேர்த்து நூல்நிலையம் நடத்துதல் அதன் ஏற்பாடு. கொடையாளரை நம்பியிருந்த நிலை அதனால் மாறிற்று. அதே ஆண்டில் ஐக்கிய நாடுகளின் நூலக ஆலோசனைக் குழுவிலும் இடம்பெற்றார். பின்னர்ச் சர்வதேச ஆவணவியற் கூட்டமைப்பில் நூற்பகுப்புப் பணியை வழிநடத்தினார்.

1950களில், தம் சேமிப்பிலிருந்து ஓரிலட்சம் ரூபாவைச் சர்வகலாசாலைக்கு ஈந்து, நூலகவியற் பேராசிரியர் பதவியொன்றைத் தம் மனைவியார் சாரதாவின் பெயரையும் இணைத்து நிறுவச் செய்தார். சம்பளத்தில் வாழ்பவர் அத்தொகையைச் சேர்ப்பதெப்படி என்பதை ஆசிரியர் மலிந்த நம் ஊரார் நன்கறிவர். 1972இற் பெங்களூரில் இயற்கை எய்தினார்.