விழுந்தவர் எழுந்தார்: 54 ஆண்டு ஓடிய ஓட்டக்காரர்!

கொள்ளேகாலில் இருந்து ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் பாத யாத்திரை போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மலை ஏறி இறங்கிய மறுநாள் காலைத் தரையில் ஊன்ற முடியாது. ஓய்வு எடுத்து, மெல்ல மெல்ல நடந்த பிறகுதான் பழைய நடை வரும்.

நடைக்கே இப்படி என்றால், மாரத்தான் ஓட்டத்தில் பாதி வழியில் சுருண்டு விழுந்தவர் மீண்டும் ஓட எத்தனை பாடு பட்டிருப்பார்?

அப்படி விழுந்து எழுந்தவர்தான் ஷிசோ கனகுரி. ஜப்பானிய மாரத்தானின் தந்தை என்று போற்றப்படுகிறவர்.

கனகுரி 1891-ம் ஆண்டு ஜப்பானின் குமமோட்டோ பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தார். சிறு வயதில் தொலைவில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு ஓடியே போய் வருவார். பிறகு டோக்கியோவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். ஜூடோ கலையை உருவாக்கிய ஜிகோரோ கானோ அங்கு தலைவராக இருந்தார். 1911-ல் நடந்த தேர்வு ஓட்டத்தில் கனகுரி முதலாவதாக வந்தார்.

மறு ஆண்டு சுவீடன் நாட்டின் தலைநகர் ஸ்டாக்ஹோமில் ஒலிம்பிக் பந்தயம். ஜப்பான் அதில் முதன் முறையாகக் கலந்துகொண்டது. போனவர்கள் இரண்டே வீரர்கள். வழிச் செலவுக்குக் கல்லூரியில் வசூல் செய்து கொடுத்தார்கள். கப்பலிலும் சைபீரிய ரெயிலிலுமாகப் பயணம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தது. அங்கோ கோடையில் இரவிலும் வெளிச்சம். தூக்கம் பிடிக்கவில்லை.

மாயமான வீரர்

1912 ஜூலை 14. வெயில் 32 டிகிரியைத் தொட்டது. 40 கிலோ மீட்டர் ஓட்டம். கட்டை விரலுக்குத் தனி இடம் விட்டுத் தைத்த ஜப்பானியத் துணிக் காலணியுடன் கனகுரி ஓடினார். பாதி தூரத்துக்கு மேல் கடந்ததும் மயங்கிச் சரிந்தார். வழியோரம் இருந்த ஒரு குடும்பத்தினர் அவரைத் தூக்கிக் காப்பாற்றினார்கள்.

ஓடியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் முடிக்கவில்லை. போர்ச்சுகல் வீரர் லாசரோ மறுநாள் இறந்தே போனார்.

கனகுரி பந்தய அதிகாரிகளிடம் சொல்லாமலே ஊருக்குத் திரும்பிவிட்டார். சுவீடனில் அவரைக் காணாமல் போனவர் என்றே பேசினார்கள்.

ஊரார் பணத்தில் போய் வெறுங்கையோடு திரும்புவது எத்தனை வேதனை! பிழைப்புத் தேடி வெளியூர் வந்தவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை.

மாரத்தான் ஓடியவரின் தசைகள் தேற வாரக்கணக்கில் ஆகும், முதலில் ஓய்வு, பிறகு நடை, பிறகு மெதுவான ஓட்டம் என்று இன்றைய மருத்துவர்கள் சொல்கிறார்கள். கனகுரிக்கு மனமும் தேற வேண்டியிருந்தது.

அவர் தோல்விக்குக் காரணம் தேடினார். வெயில்தான் வீழ்த்தியது என்று கண்டு, கோடை வெயிலிலேயே கடற்கரையில் ஓடிப் பழகினார். காலணியின் அடிப்பாகத்தையும் கடினமான சாலைக்கு ஏற்ப மாற்றச் செய்தார். 1916 ஒலிம்பிக்கில் ஓடக் காத்திருந்தார். முதல் உலகப்போர் அதை விழுங்கிவிட்டது.

பெல்காம் வீரரும் ஓடினார்

எட்டு ஆண்டுக்குப் பிறகு, 1920-ல் பெல்ஜியம் நாட்டின் ஆண்ட்வெர்ப் நகரில் மீண்டும் ஓடினார். இம்முறை விழவில்லை. 42 கிலோ மீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை ஓடி முடித்து 16-வது இடம் பெற்றார். அதே பந்தயத்தில் 19-வதாக வந்தவர் நம் இந்தியர். இன்று கர்நாடகத்தில் உள்ள பெல்காமைச் சேர்ந்த பதேப்பா சவுகுலே!

1924-ல் பாரிசில் கனகுரியால் முடிக்க முடியவில்லை. ஆனால் அவர் உண்டாக்கிய ஓட்டம் நிற்கவில்லை. ஓட்டக்காரர்களை வளர்ப்பதற்காக 1920-ல் அவர் முயன்று தொடங்கிவைத்த ஹகோனே தொடர் ஓட்டத்தில் ஜப்பானியக் கல்லூரி மாணவர்கள் இன்றும் புத்தாண்டு தோறும் ஓடுகிறார்கள்.

1967-ல் சுவீடன் அவரை அழைத்தது. பாதியில் விட்ட ஓட்டத்தை முடித்துக் கொடுக்கக் கேட்டது. 75 வயதுக் கனகுரி ஸ்டாக்ஹோம் மைதானத்தில் ஓடி எல்லைக்கோட்டைத் தொட்டார். அறிவிக்கப்பட்ட நேரம்: 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20 விநாடி.

அவர் 1983-ல் தமது 92-வது வயதில் காலமானார்.

கனகுரி ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியதே இல்லை. விழுந்த காரணத்தை அறிந்து, பொறுத்திருந்து, மறுபடி ஓடினார். அதற்காகத்தான் உலகம் அவரை நினைக்கிறது.