செஞ்சி பக்கத்து ஊரில் ஒரே இரவில் 3 மரணங்கள்: எட்டாத மருத்துவத்தை சாலைக்கே கொண்டு வந்த ஐடா ஸ்கடர் யார்?

செஞ்சி, திண்டிவனம் பக்கத்து கிராமங்களில் இருந்து ஒவ்வொரு வருஷமும் பல குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வேலை தேடிக் கிளம்புகின்றன. செங்கல் சூளை, கரும்பு வெட்டு, பெங்களூரு கட்டட வேலை, சென்னையில் கொத்து வேலை என்று ஆளுக்கு ஒரு திசை. மூட்டை முடிச்சோடு கைக்குழந்தையும் போகும், சில நேரம் வயிற்றில் இருக்கும் குழந்தையும் போகும்.

போன இடத்தில் திடீரென வலி வந்தால் எங்கே போவது? பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கலாம். ஆனால் வழி தெரியாது, பாஷை தெரியாது, கையில் பணம் இருக்காது, ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய கூலியும் போய்விடும்.

ஆஸ்பத்திரி இருப்பது வேறு, அதை எட்டுவது வேறு. இந்த வித்தியாசத்தை 130 வருஷங்களுக்கு முன்பே இதே மண்ணில் ஒரு பெண் நேரில் பார்த்தார். பார்த்த அந்த ஒரு இரவு அவருடைய வாழ்க்கையையே மாற்றிவிட்டது. அவர்தான் டாக்டர் ஐடா ஸ்கடர். வேலூர் சி.எம்.சி மருத்துவமனையைத் தொடங்கியவர் என்று பலருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கதை ஆரம்பித்தது வேலூரில் இல்லை, செஞ்சியில் இருந்து 30 கிலோமீட்டருக்குள் இருக்கும் திண்டிவனத்தில்.

ராஜாவுக்கு கோட்டை, கூலிக்கு என்ன?

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் சேர்க்கப்பட்ட 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

அந்தப் பெயர் வரக் காரணம், சொந்த மண்ணை விட்டு ஓடி வந்த ஒரு ராஜா. சத்ரபதி சிவாஜியின் மகன் ராஜாராம், முகலாயப் படைக்குத் தப்பி 1689-ல் செஞ்சிக்கு வந்தார். சுமார் 8 ஆண்டுகள் முற்றுகையைத் தாங்கிய கோட்டை, 1698-ல் முகலாயர் கைக்குப் போனது. அதற்கு முன்பே ராஜாராம் வேலூர் வழியாகத் தப்பிவிட்டார்.

ஊரை இழந்து வந்த ராஜாவுக்கு மூன்று மலை, அகழி, தானியக் களஞ்சியம் எல்லாம் காவல் இருந்தன. சுமார் 180 வருஷம் கழித்து, பஞ்சத்தில் ஊரை இழந்த சாதாரண ஜனங்களுக்கு என்ன இருந்தது?

பஞ்சத்தைப் பார்த்த குழந்தை

ஐடா ஸ்கடர் 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்கக் குடும்பம், ஆனால் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. தாத்தா ஜான் ஸ்கடர் 1819-லேயே இலங்கை யாழ்ப்பாணத்துக்கு வந்து, பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தவர். பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகளில் பலரும் ஆற்காடு வட்டாரத்தில் மிஷன் பணி செய்தார்கள். ஐடாவின் அப்பாவும் டாக்டர்தான், அவர் பெயரும் ஜான்.

ஐடாவுக்கு 6 வயது இருக்கும்போது மதராஸ் மாகாணத்தில் பெரும் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் இந்தியா முழுக்க 50 லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. தாது வருஷத்துப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்போமே, அதுதான்.

கிராமம் கிராமமாக ஜனங்கள் கிளம்பினார்கள். சிலர் கப்பல் ஏறி இலங்கை, மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா தோட்டங்களுக்குப் போனார்கள். பலர் சர்க்கார் நிவாரண வேலைக்குப் போனார்கள். மரக்காணம் வரை போகும் பக்கிங்காம் கால்வாயின் சென்னைப் பகுதி, அப்படிப் பஞ்சக் கூலிகள் வெட்டியதுதான்.

ஒரு நாள் முழுக்க மண் வெட்டினால் கிடைத்தது சுமார் 450 கிராம் தானியமும் கொஞ்சம் சில்லறையும். இது உயிரைக் காப்பாற்றவே போதாது என்று மதராஸ் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்தார். 1877-ல் கூலி கொஞ்சம் உயர்த்தப்பட்டது. அதற்குள் பட்டினியும் காலராவும் முகாம்களில் புகுந்துவிட்டன.

பசியில் மிஷன் வளாகத்துக்கு வந்த குழந்தைகளில் சிலருக்கு ரொட்டியை எடுத்துச் சாப்பிடக்கூட தெம்பு இல்லை. சின்னப் பெண் ஐடா ரொட்டியைப் பிய்த்து அவர்கள் வாயில் ஊட்டினார். பஞ்சம் முடியும் நேரத்தில் குடும்பம் அமெரிக்கா திரும்பியது. ஆனால் பார்த்தது மனசை விட்டுப் போகவில்லை.

அதனால் அவர் அன்றே சேவை செய்ய முடிவெடுத்தார் என்று நினைத்தால், அதுதான் இல்லை. இந்தியா என்றாலே வெயில், வறுமை, சாவு என்ற பயம்தான் அவருக்குள் தங்கியது. அமெரிக்காவில் படித்து, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு வசதியாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

திண்டிவனத்தில் அந்த இரவு நடந்தது என்ன?

1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தது. அப்பா அப்போது திண்டிவனத்தில் வேலை பார்த்தார். அம்மாவைப் பார்த்துக்கொண்டு, கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம் என்று ஐடா வந்தார். அவருக்கு வயது 20-தான்.

ஒரு நாள் இரவு கதவு தட்டப்பட்டது. ஒரு பிராமண இளைஞர் நின்றிருந்தார். மனைவிக்குப் பிரசவ வலி, பிள்ளை வெளியே வரவில்லை, உடனே வர வேண்டும் என்று ஐடாவிடம் கெஞ்சினார். தனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. வேறு ஆண் தன் மனைவியைப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அந்த இளைஞர் திரும்பிப் போனார்.

சற்று நேரத்தில் இன்னொருவர் வந்தார், அவர் முஸ்லிம். பிறகு மூன்றாவதாக ஒருவர், அவர் வேறொரு உயர் சாதிக்காரர். மூன்று பேருக்கும் ஒரே பிரச்சினை, மூன்று பேருக்கும் ஒரே பதில். பெண் டாக்டர் வேண்டும், ஆண் டாக்டர் வேண்டாம்.

விடிந்தபோது தெருவில் சாவு மேளம் கேட்டது. மூன்று பெண்களுமே இறந்துபோயிருந்தார்கள்.

சில தெருக்கள் தள்ளி டாக்டர் இருந்தார், மருந்து இருந்தது, காப்பாற்ற மனசும் இருந்தது. தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. நடுவில் நின்றது கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர். அதைத் தாண்ட ஒரு பெண் டாக்டர் தேவைப்பட்டார். ஐடா அன்றே அம்மா அப்பாவிடம் போய், மருத்துவம் படிக்கப் போவதாகச் சொன்னார்.

ஒற்றைக் கட்டிலில் தொடங்கிய மருத்துவமனை

பிலடெல்பியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் படிப்பைத் தொடங்கினார். பிறகு கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1899-ல் டாக்டரானார். அங்கே படித்து முடித்த முதல் பெண்கள் குழுவில் அவரும் ஒருவர்.

இந்தியா கிளம்பும் முன் வேலூரில் பெண்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்ட நிதி திரட்டினார். ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர், இறந்துபோன தன் மனைவி நினைவாக 10,000 டாலர் கொடுத்தார்.

1900-ல் வேலூர் வந்து சேர்ந்தார். சில மாதங்களிலேயே அப்பா காலமானார். அனுபவமுள்ள அப்பாவோடு சேர்ந்து வேலை கற்றுக்கொள்ளலாம் என்று வந்தவர், தனியாக நின்றார். வீட்டிலேயே ஒரு அறையில் ஒற்றைக் கட்டில் போட்டு வைத்தியத்தை ஆரம்பித்தார். 1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

ஆஸ்பத்திரியே சாலைக்கு வந்தது எப்படி?

ஆஸ்பத்திரி திறந்தாகிவிட்டது. ஆனால் கிராமத்து ஜனங்களில் பலர் வரவில்லை, அல்லது மிகவும் தாமதமாக வந்தார்கள். மாட்டு வண்டிக்குப் பணம் இல்லை. ஒரு நாள் வேலையை விட்டால் அடுப்பு எரியாது. பெண்கள் தனியாகக் கிளம்பவும் முடியாது.

அவர்கள் வர முடியாவிட்டால் நாம் போவோம் என்று ஐடா முடிவு செய்தார். வேலூரில் இருந்து குடியாத்தம் போகும் சாலையில் வாரம் ஒருமுறை மருந்துப் பெட்டியோடு கிளம்பினார். முதலில் வண்டி மாடு, பிறகு ஒரு சின்ன பெஜோ கார். அந்தக் காரைப் பார்த்து ஆரம்பத்தில் ஜனங்கள் பேய் வண்டி என்று பயந்து ஓடினார்களாம். பிறகு அதே வண்டிக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்கள்.

குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மரத்தடியில் வண்டி நிற்கும். அங்கேயே புண்ணுக்குக் கட்டு, கண்ணுக்கு மருந்து, சின்னச் சின்ன அறுவை சிகிச்சை. பெரிய நோய் என்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைப்பார்கள். சாதி, மதம் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மரத்தடி. மிஷன் மருத்துவத்துக்கு மதம் பரப்பும் நோக்கமும் இருந்தது என்ற விமர்சனம் உண்டு. ஆனால் அந்த மரத்தடியில் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது வைத்தியம்.

கவனித்தால் ஒன்று புரியும். அந்த வண்டி நோயாளியின் முகவரியைக் கேட்கவில்லை. உள்ளூர்க்காரரோ, அறுவடைக்கு வந்த வெளியூர்க் கூலியோ, சாலையில் போகும் வழிப்போக்கரோ, யாராக இருந்தாலும் மரத்தடிக்கு வந்தால் போதும்.

ஒருவர் போதாது: படிக்க வைத்த டாக்டர்

எவ்வளவு ஓடினாலும் தான் ஒருத்தி என்ன செய்ய முடியும்? அதனால் 1909-ல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. பெண்கள் மருத்துவம் படிக்க வருவார்களா என்று அதிகாரிகளே சந்தேகப்பட்ட காலம் அது. முதல் குழுவில் 14 பேர் படிப்பை முடித்து 1922-ல் வெளியே வந்தார்கள்.

பிறகு டிப்ளமோ போதாது, எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்த்தினால்தான் பள்ளி நீடிக்கும் என்ற நிலை வந்தது. 70 வயதைத் தாண்டிய ஐடா அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் நிதி திரட்டினார். 1942-ல் எம்.பி.பி.எஸ். படிப்பு தொடங்கியது. அதே 1940-களில் ஆண்களுக்கும் கதவு திறந்தது.

1948-ல் தொழுநோயால் முடங்கிய கைகளைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையை டாக்டர் பால் பிராண்ட் இங்கே தொடங்கினார். அந்தக் காலத்தில் தொழுநோய் வந்தால் வீடும் ஊரும் ஒதுக்கிவிடும், பல ஆஸ்பத்திரிகளும் சேர்த்துக்கொள்ளாது. உடல் தேறியும் போக இடம் இல்லாதவர்கள் தொழில் கற்று வாழ, நவ ஜீவ நிலையம் என்ற குடியிருப்பும் அமைக்கப்பட்டது.

கல்யாணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்த ஐடா, ஓய்வுக்குப் பிறகு கொடைக்கானலில் தங்கினார். 1960 மே மாதம், 89 வயதில் அங்கேயே காலமானார்.

இன்று நிலைமை என்ன?

ஒற்றைக் கட்டிலில் தொடங்கிய இடத்தில் இன்று 2,000-க்கும் மேற்பட்ட படுக்கைகள். மேற்கு வங்கம், ஜார்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று பல இடங்களில் இருந்து நோயாளிகள் ரயில் ஏறி வேலூர் வருகிறார்கள். சுற்றியுள்ள தெருக்களில் வங்க மொழிப் பலகைகளைப் பார்க்கலாம். வைத்தியத்துக்காகவே ஊரை விட்டு வரும் இவர்களும் ஒரு வகையில் இடம்பெயர்ந்தவர்கள்தான்.

மரத்தடி வைத்தியம் என்ற யோசனை வேறு வடிவத்தில் இன்றும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவரை எந்த வீட்டில் தேடுவது? இதுதான் இன்றைய சிக்கல்.

வேலைக்காக இடம்பெயரும் குடும்பங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டியவை:

• கர்ப்பம் தெரிந்ததும் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி பிக்மி எண் வாங்கிவிடுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அது தேவை. எந்த ஊருக்குப் போனாலும் எண்ணையும் பரிசோதனை அட்டையையும் கையில் வைத்திருங்கள்.

• அவசரம் என்றால் 108. ஆம்புலன்ஸ் வர உங்களுக்குச் சொந்த ஊர் முகவரி தேவையில்லை, நிற்கும் இடத்தின் அடையாளம் சொன்னால் போதும். மருத்துவ ஆலோசனைக்கு 104.

• ஆண்டு வருமானம் ரூ.1.2 லட்சத்துக்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். ரூ.5 லட்சம் வரை காப்பீடு உண்டு. வேலை செய்யும் மாவட்டத்திலும், திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் பயன்படுத்தலாம்.

• முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களும், 6 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் தங்கி அதற்கான சான்று பெற்ற வெளிமாநிலத் தொழிலாளர்களும் இந்தத் திட்டத்தில் சேரலாம்.

• குழந்தையின் தடுப்பூசி அட்டையை ஊரிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். போன இடத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விட்ட தவணையைப் போட்டுக்கொள்ளலாம்.

திண்டிவனத்தில் அன்று மூன்று பெண்கள் இறந்தது டாக்டர் இல்லாததால் அல்ல, இருந்த டாக்டர் அவர்களை எட்ட முடியாததால். அன்று குறுக்கே நின்றது கட்டுப்பாடு. இன்று குறுக்கே நிற்பது பாஷையாக, அட்டையாக, ஒரு நாள் கூலியாக இருக்கலாம்.

செஞ்சியில் இருந்து சேத்துப்பட்டு, ஆரணி வழியாக வேலூர் போகும் பேருந்தில் ஏறினால் சில மணி நேரத்தில் அந்த ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிவிடலாம். ஆனால் சூளையிலும் கட்டட வேலையிலும் இருக்கும் நம் ஊர்க்காரருக்கு அந்தப் பேருந்து ஏறக்கூட வழி இருக்காது. அவருக்கு இன்றும் தேவை, வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் வாரம் ஒருமுறை வந்து நிற்கும் ஒரு வண்டிதான்.