சிறைப் பட்டறையில் பிறந்த துப்பாக்கி யோசனை: யார் இந்த ‘கார்பைன்’ வில்லியம்ஸ்?

கொலை வழக்கில் ஜெயிலுக்குப் போன ஒருவர், உள்ளே இருந்தபடியே துப்பாக்கி செய்தார் என்றால் நம்புவீங்களா? டேவிட் மார்ஷல் வில்லியம்ஸின் வாழ்க்கையில் அதுதான் நடந்தது. அவருடைய யோசனையை உள்ளே வைத்து உருவான ‘எம்1 கார்பைன்’ 60 லட்சத்துக்கும் மேல் தயாரானது.

ஜெயிலுக்குப் போனது ஏன்?

1900-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்தவர் வில்லியம்ஸ். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. மதுவிலக்கு அமலில் இருந்த 1921-ல், அவர் நடத்திய கள்ளச்சாராய அடுப்பில் போலீஸ் ரெய்டு வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஒரு போலீஸ் அதிகாரி இறந்தார். இரண்டாம் நிலை கொலைக் குற்றத்தை வில்லியம்ஸ் ஒப்புக்கொள்ள, 30 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இயந்திர வேலையில் அவருக்கு இருந்த கைத்திறனைப் பார்த்த சிறை அதிகாரி, காவலர்களின் துப்பாக்கிகளைப் பழுது பார்க்க அனுமதித்தார். கிடைத்த பழைய இரும்பை வைத்து அங்கேயே புதிய துப்பாக்கிகளையும் செய்தார் வில்லியம்ஸ். அவரை விடுவிக்கக் கேட்டவர்களில் இறந்த அதிகாரியின் மனைவியும் ஒருவர். 1929-ல் வெளியே வந்தார்.

அந்த யோசனை என்ன?

சுடும்போது வரும் வாயு ஒரு பிஸ்டனைத் தள்ளும். அந்த பிஸ்டன் முழுத் தூரமும் போகத் தேவையில்லை; கொஞ்சம் நகர்ந்து ஒரு தட்டு தட்டினால் போதும், மீதி வேலையை அந்த வேகமே முடித்துவிடும். இதுதான் ‘ஷார்ட் ஸ்ட்ரோக்’ பிஸ்டன். துப்பாக்கியைச் சிறிதாக, லேசாகச் செய்ய இது கைகொடுத்தது.

1941-ல் வின்செஸ்டர் நிறுவனம் இதை வைத்து எம்1 கார்பைனை உருவாக்கியது. ஆனால் அது ஒரு குழுவின் வேலை. 1952-ல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்து வந்த ஹாலிவுட் படம், பெருமை மொத்தத்தையும் வில்லியம்ஸுக்கே கொடுத்துவிட்டது.

என்ன பிளஸ்?

அப்போது அமெரிக்கக் காலாட்படையிடம் இருந்த கேரண்ட் ரைஃபிள் சுமார் 4.3 கிலோ, 110 செ.மீ. நீளம். கார்பைன் 2.4 கிலோதான், நீளம் 90 செ.மீ. கேரண்டில் 8 குண்டு, இதில் 15. டிரைவர், பீரங்கிப் படை வீரர், அதிகாரி என வேறு வேலை இருப்பவர்களுக்கு இது வசதி. ரைஃபிள் அவர்களுக்குப் பெரிய சுமை. கைத்துப்பாக்கியோ தூரத்துக்கு உதவாது. பாராசூட் வீரர்களுக்கு மடக்கும் கட்டையோடு தனி மாடலே வந்தது.

என்ன மைனஸ்?

எடையைக் குறைத்ததற்கு விலை உண்டு. கார்பைன் குண்டின் ஆற்றல், கேரண்ட் குண்டில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். 200, 250 மீட்டரைத் தாண்டினால் பலம் வெகுவாகக் குறைந்துவிடும். கொரியப் போரின் கடும் குளிரில் கார்பைன் மக்கர் செய்தது. எதிரியின் கனமான கோட்டைக் குண்டு துளைக்கவில்லை என்றும் வீரர்கள் புகார் சொன்னார்கள். குண்டு குறியில் படவே இல்லை என்பதுதான் காரணம் என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள்.

உண்மையில் கைத்துப்பாக்கிக்கு மாற்றாகத்தான் கார்பைன் உருவானது. அதையே முன்வரிசை வீரர்களின் முக்கிய ஆயுதமாகக் கொடுத்தபோதுதான் குறைகள் பெரிதாகத் தெரிந்தன. சிறிய துப்பாக்கி எதுவானாலும் கணக்கு இதுதான்: சுமக்க எளிது, ஆனால் தூரமும் பலமும் குறையும். அது பிளஸ்ஸா மைனஸா என்பது, யார் கையில் எந்த வேலைக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது.

வில்லியம்ஸ் 1975-ல் காலமானார். ‘கார்பைன்’ என்ற பட்டப்பெயர் கடைசிவரை அவரோடு ஒட்டிக்கொண்டது.