அஞ்சியவர் கண்ட அருள்

அறம் வழுவாத இறைவன் குற்றம் புரிந்தவனை எங்ஙனம் மன்னிப்பான்? மன்னித்தால் நீதி குன்றும். தண்டித்தால் இரக்கம் பொய்க்கும். கிறித்தவச் சிந்தனையாளர் நெடுங்காலமாக எண்ணிவரும் வினா இது. இதனை ஏட்டில் கற்ற ஒன்றாகக் கொள்ளாமல், நெஞ்சின் வேதனையாகவே சுமந்து விடை கண்டவர் ஜான் பன்யன் என்னும் ஆங்கிலேய எழுத்தாளர்.

இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு நகருக்கு அருகிலுள்ள எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் 1628ஆம் ஆண்டு பன்யன் பிறந்தார். தந்தை பழுதுற்ற பாத்திரங்களைச் சீர்செய்யும் தொழிலாளி. எழுதப் படிக்கக் கற்ற அளவோடு பள்ளியை விட்ட மகனும் அத்தொழிலையே மேற்கொண்டார். 1644இல் தாயும் தங்கையும் அடுத்தடுத்து இறந்தனர். அவ்வாண்டிலேயே உள்நாட்டுப் போரில் பாராளுமன்றப் படையில் சேர்ந்தார். முற்றுகை ஒன்றுக்கு அவருக்கு மாற்றாகச் சென்ற வீரர் குண்டு பாய்ந்து மாண்டார். தம் உயிர் எஞ்சியதை இறைவனின் இரக்கம் எனப் பிற்காலத்தில் உணர்ந்தார், அன்று உணரவில்லை.

போருக்குப் பின் திருமணம் நடந்தது. கிண்ணமும் கரண்டியும் இல்லாத ஏழ்மையான இல்லத்திற்கு, மனைவி சீதனமாகக் கொண்டுவந்தவை இரண்டு சமய நூல்களே. அவற்றைப் படித்த பன்யனின் உள்ளத்தில் அச்சம் வேரூன்றியது. ஞாயிறன்று விளையாடுகையில், பாவத்தை விடுவதா நரகை ஏற்பதா என வினவும் குரல் கேட்டதாக உணர்ந்து திகைத்தார். தேவாலய மணியை ஒலிப்பதில் அவருக்கு விருப்பம் மிகுதி. அதுவும் வீண்செயல் என எண்ணி விலகினார். ஆயினும் வேடிக்கை பார்க்கச் சென்றபோது, மணி தம்மேல் விழுமோ, கோபுரமே சரியுமோ என அஞ்சி ஓடினார்.

கொடிய சோதனை பின்னர் வந்தது. கிறிஸ்துவை விற்றுவிடு என்னும் எண்ணம் இரவும் பகலும் அவரை நச்சரித்தது. ஒருநாள் மனம் சோர்ந்து அதற்கு இசைந்துவிட்டதாகக் கருதினார். ஒருவேளை உணவுக்காகத் தலைமகன் உரிமையை விற்று, பின்னர்க் கண்ணீர் விட்டும் அதனைப் பெறாத ஏசாவின் கதை விவிலியத்தில் உண்டு. தாமும் ஏசாவே, தமக்கு மன்னிப்பில்லை என நெடுநாள் துயருற்றார். வயல்வழியே நடந்த ஒருநாளில் தெளிவு பிறந்தது. மனிதனின் குற்றத்திற்குரிய தண்டனையைக் கிறிஸ்து சிலுவையில் ஏற்றார் என்பது கிறித்தவர் நம்பிக்கை. அவ்வாறாயின் நீதி நிறைவேறிற்று; இரக்கத்திற்கும் வழி திறந்தது. தம் நீதி தம் மனநிலையில் இல்லை, விண்ணகத்திலுள்ள கிறிஸ்துவே தம் நீதி என அவர் தெளிந்தார்.

தெளிந்ததைப் பிறர்க்கும் உரைத்தார். அரசத் திருச்சபையின் இசைவின்றிப் போதித்ததாக 1660இல் கைதானார். அந்த அதிர்ச்சியில் குறைமாதத்தில் பெற்ற குழந்தையை இழந்தார், இரண்டாம் மனைவி எலிசபெத்து. மூத்தாளின் நான்கு பிள்ளைகளைக் காக்கும் பொறுப்பும் அவருடையதாயிற்று. அவர்களுள் மேரி பிறவியிலேயே பார்வையற்றவள். எலிசபெத்து நீதிபதிகள்முன் சென்று கணவருக்காக மன்றாடினார். மேத்யூ ஹேல் என்னும் நீதிபதி இரக்கத்தோடு செவிமடுத்தார். ஆயினும் விடுதலை கிட்டவில்லை. போதிப்பதில்லை என உறுதி கூறினால் வெளியேறலாம். பன்யன் இசையவில்லை. காலணிக் கயிறுகள் செய்து விற்றுக் குடும்பத்திற்கு உதவியவாறே 12 ஆண்டுகள் சிறையில் கழித்தார். தம் மனப்போராட்டத்தைக் கூறும் தன்வரலாற்றை 1666இல் வெளியிட்டார்.

1678இல் அவருடைய 'பில்கிரிம்ஸ் புரோகிரஸ்' வெளிவந்தது. முதுகில் சுமையோடு புறப்படும் பயணியின் பாரம் சிலுவையருகே கழன்று விழுகிறது. நம்பிக்கையிழப்பு என்னும் அரக்கன் அவனைக் கோட்டையில் அடைக்க, வாக்குறுதி என்னும் திறவுகோல் விடுவிக்கிறது. எனினும், இரக்கம் உண்டு என்பதால் தண்டனை இல்லை எனப் பன்யன் கூறவில்லை. விண்ணக வாயிலிலிருந்தும் நரகிற்கு ஒரு வழி உண்டு என அந்நூல் எச்சரிக்கிறது. இதனைத் தழுவியே எச்.ஏ. கிருட்டிணப்பிள்ளை தமிழில் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தை 1894இல் வழங்கினார்.

1688இல், தந்தையின் சினத்திற்கு ஆளாகிச் சொத்துரிமையை இழக்கவிருந்த இளைஞர் ஒருவர் பன்யனின் உதவியை நாடினார். பன்யன் குதிரையேறி ரெடிங் நகருக்குச் சென்று, தந்தையின் மனத்தைக் கனியச் செய்தார். இலண்டன் திரும்பும் வழியில் பெருமழையில் நனைந்து காய்ச்சலுற்று, ஆகஸ்டு 31 அன்று உயிர்நீத்தார். ஏசாவைப்போல் உரிமையிழந்தேன் என ஒருகாலத்தில் அழுதவர், மற்றொரு மகனின் உரிமையை மீட்டுத் தந்துவிட்டே விடைபெற்றார். தாம் பெற்ற இரக்கத்தைப் பிறர்க்கும் பெற்றுத் தந்ததே அவர் வாழ்வின் நிறைவாயிற்று.