ஒளியைப் பாடிய இருண்ட குரல்

கண்ட்ரி இசை என்றால் அகலத் தொப்பியும் குதிரையும் காதல் தோல்வியும்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். அந்த இசைக்குள் இருண்ட பகுதி ஒன்றும் உண்டு. பாவம், மரணம், கல்லறை, இறுதித் தீர்ப்பு ஆகியவற்றை வேதாகம மொழியில் பாடும் பகுதி அது. 1990களில் அமெரிக்காவின் டென்வர் நகரத்துக் குழுக்கள் சில அவ்வாறு பாடியபோது, அதனைக் கோதிக் கண்ட்ரி என்று அழைத்தார்கள். பெயர்தான் புதிது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அந்த இருட்டைத் தம் வாழ்க்கையிலிருந்து எடுத்துப் பாடிவிட்டுப் போனவர் ஹாங்க் வில்லியம்ஸ்.

1923 செப்டம்பர் 17-ஆம் நாள் அலபாமா மாநிலத்தின் மவுண்ட் ஆலிவ் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். முதுகெலும்பில் பிறவிக் குறை. சாகும்வரை வலி அவரை விடவில்லை. 1930-இல், முதல் உலகப் போருக்குப் போய் வந்த தந்தை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பல ஆண்டுகள் அங்கேயே இருந்தார். குடும்பத்தைத் தாய் தனியே தாங்கினார். ஞாயிறுதோறும் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் தாய் ஆர்கன் வாசிக்க, பக்கத்தில் அமர்ந்து கேட்டதே ஹாங்கின் முதல் இசைப் பாடம்.

இரண்டாவது பாடம் தெருவில் கிடைத்தது. டீ-டாட் என்று அழைக்கப்பட்ட ரூஃபஸ் பேன் ஒரு கறுப்பினத் தெருப் பாடகர். வெள்ளையரையும் கறுப்பரையும் சட்டமே பிரித்து வைத்திருந்த அக்காலத்தில், இந்த வெள்ளைச் சிறுவனுக்குக் கித்தாரும் ப்ளூஸ் இசையின் தாளமும் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். ஹாங்கின் தாய் சமைத்துப் போட்ட சாப்பாடே கட்டணம். தேவாலயத்துப் பாட்டும் தெருவின் துயரமும் ஒரே தொண்டையில் சேர்ந்தது இப்படித்தான். 1939-இல் பேன் இறந்தபோது அவர் கல்லறைக்கு ஒரு பெயர்க்கல்கூட இல்லை. மாணவருக்குப் பிற்காலத்தில் கிடைத்த புகழை எண்ணும்போது இது மனத்தை உறுத்துகிறது.

பதின்ம வயதிலேயே ஹாங்க் மதுவுக்கு அடிமையாகிவிட்டார். 1947 ஏப்ரலில் அவர் 'ஐ சா த லைட்' என்ற பக்திப் பாடலைப் பதிவு செய்தார். ஓர் இரவு கச்சேரி முடிந்து காரில் திரும்பும்போது, மான்ட்கோமரி விமான நிலையத்தின் விளக்கைக் கண்டு தாய் சொன்ன வார்த்தையிலிருந்து அது பிறந்ததாகச் சொல்வார்கள். 1949-இல் 'லவ்சிக் ப்ளூஸ்' பதினாறு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதே ஆண்டு நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடை அவருக்குத் திறந்தது. அந்த ரைமன் அரங்கமும் 1892-இல் நற்செய்திக் கூட்டங்களுக்காகக் கட்டப்பட்டதுதான்.

1950 முதல் அவருக்கு இன்னொரு பெயரும் இருந்தது: லூக் த டிரிஃப்டர். அந்தப் பெயரில் இசைப் பின்னணியோடு நீதிக் கதைகளையும் மரணக் கதைகளையும் பேசிப் பதிவு செய்தார். மதுக்கடைகளில் காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளுக்கு ஹாங்க் வில்லியம்ஸ் என்ற பெயரைப் பார்த்தே இசைத்தட்டு வாங்குவார்கள். அங்கே பிரசங்கம் ஒலித்தால் வியாபாரம் என்னாவது? ஆகவே இந்தப் புனைபெயர். குடிகாரனுக்குப் புத்தி சொல்லும் லூக்கும், குடித்துவிட்டு மேடைக்கு வராமல் போகும் ஹாங்கும் ஒரே ஆள் என்பதுதான் வேதனை.

1952-இல் எல்லாம் சரிந்தது. முந்தைய டிசம்பரில் செய்த முதுகு அறுவை சிகிச்சையால் வலி தீரவில்லை. மணமுறிவு ஏற்பட்டது. ஆகஸ்டில் ஆப்ரி அவரை நீக்கியது. அவ்வாண்டு ஒரு பயணத்தில், அவரைக் குடிக்கவிடாமல் வைத்திருக்க நகைச்சுவைக் கலைஞர் மின்னி பேர்ல் காரில் அவரோடு சேர்ந்து அந்த ஒளிப் பாடலையே பாடத் தொடங்கினார். ஹாங்க் பாதியில் நிறுத்தி, ஒளி என்று எதுவும் இல்லை என்று சொன்னாராம். இதைக் கேட்டு அவரைப் போலி என்று சொல்லிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. நம்பாதவனுக்கு அந்த இருட்டு அவ்வளவு பயம் தந்திருக்காது.

1953 புத்தாண்டு நாளில் ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில் கச்சேரி. பனிப்புயலால் விமானம் போக முடியவில்லை. விடுமுறையில் இருந்த ஒரு கல்லூரி மாணவர் கேடிலாக் காரை ஓட்டினார். நாக்ஸ்வில்லில் ஒரு மருத்துவர் மார்ஃபின் ஊசி போட்டு அனுப்பினார். மேற்கு வர்ஜீனியாவின் ஓக் ஹில் ஊரில் பின்னிருக்கையைத் திரும்பிப் பார்த்தபோது ஹாங்கின் உடல் குளிர்ந்திருந்தது. வயது 29. கேன்டனில் இறப்புச் செய்தியை அறிவித்தபோது சிலர் சிரித்தார்கள். வழக்கமான சாக்கு என்று எண்ணிவிட்டார்கள். திரைக்குப் பின்னாலிருந்து சக கலைஞர்கள் 'ஐ சா த லைட்' பாடத் தொடங்கிய பிறகே அரங்கம் புரிந்துகொண்டது.

இவ்வுலகை விட்டு உயிரோடு போக முடியாது என்னும் பொருளில் அவர் பாடிய பாட்டு அம்மாதம் முதலிடத்தைப் பிடித்தது. பலர் அதைத் தீர்க்கதரிசனம் என்கிறார்கள். உண்மையில் அது ஒரு நையாண்டிப் பாட்டு.

ஜனவரி 4-ஆம் நாள் மான்ட்கோமரி நகர அரங்கில் இறுதிச் சடங்கு நடந்தது. உள்ளே மூவாயிரம் பேருக்குக்கூட இடமில்லை. அதைப்போல் பல மடங்கு கூட்டம் வெளியே நின்றது. அஞ்சலி செலுத்த வந்த கறுப்பின மக்களை மாடத்தில் தனியே உட்கார வைத்தார்கள். கீழே, சவப்பெட்டிக்கு அருகில், கறுப்பினப் பாடகர் குழு ஒன்று பக்திப் பாடல் பாடியது.