உளியும் ஏடும்: தி. சு. அவினாசிலிங்கனார்

திருமுருகன்பூண்டியின் சிற்பக்கூடங்களில் உளியோசை ஓய்வதில்லை. கல்லின் இயல்பைத் தந்தையிடமிருந்து மகன் அறிந்துகொள்வது இங்குத் தொன்றுதொட்டு வரும் வழக்கம். இவ்வூருக்குச் சில கல் தொலைவிலுள்ள திருப்பூரில், 1903ஆம் ஆண்டு மே 5ஆம் நாள், செல்வக் குடும்பமொன்றில் தோன்றியவர் அவினாசிலிங்கனார். கைத்தொழில் குடிவழிச் சொத்தாக நின்றுவிடாது, எல்லாக் குடிப் பிள்ளைகளுக்கும் பள்ளியில் கிட்ட வேண்டுமென்று பாடுபட்டவர் அவர்.

சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். எனினும் காந்தியடிகளின் வழி அவரை ஈர்த்துக்கொண்டது. பலமுறை சிறை சென்றார், மணம் செய்துகொள்ளவில்லை. 1930இல் கோவையில் இராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கினார். பெரியநாயக்கன்பாளையத்தில் அதற்குக் காந்தியடிகள் 1934இல் அடிக்கல் நாட்டினார்.

அங்கே தீண்டாமைக்கு ஆளான குடும்பத்துச் சிறுவரும் பிற சாதிச் சிறுவரும் ஒரே பந்தியில் உண்டனர். நூல் நூற்பதும், தோட்டத்தில் மண் வெட்டுவதும், தம் இடத்தைத் தாமே கூட்டித் துப்புரவு செய்வதும் அனைவர்க்கும் பொது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை துடைப்பம் ஏந்துவதை இழிவென்று எண்ணிய காலம் அது. ஆதலின், அங்கே கைத்தொழில் பிழைப்புக்கான பயிற்சி மட்டுமன்று. சாதிச் செருக்கைக் கரைக்கும் கல்வியுமாகும்.

1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வியமைச்சராக விளங்கியபோது, இக்கருத்தை அரசுத் திட்டமாக்க முனைந்தார். தொடக்கநிலையில் ஆதாரக் கல்வி பரவ வழிசெய்தார். 1948இல் உயர்நிலைக் கல்வி சீரமைக்கப்பட்டபோது கைத்தொழிலும் குடிமைப் பயிற்சியும் பாடங்களாயின. தெரிந்தெடுத்த பள்ளிகளில் பொறியியல், அலுவலகப் பணி, மனையியல் முதலிய பிரிவுகள் தொடங்கின. பாரதியின் படைப்புகளை அரசு உரிமையாக்கிக்கொண்டதும் அவர் காலத்தில்தான் என்பதைக் கவிஞர்கள் மறத்தல் இயலாது.

1953இல் இராஜாஜி கொணர்ந்த திட்டத்தோடு இதனை ஒன்றாக எண்ணுவாருளர். அது பிழை. அத்திட்டம் பாதி நாள் பிள்ளையைத் தந்தையின் தொழிலுக்கு அனுப்பியது. குலக்கல்வியென்று கடும் எதிர்ப்பு எழ, 1954இல் கைவிடப்பட்டது. அவினாசிலிங்கனார் வேண்டியதோ, நெசவாளர் மகனும் நிலக்கிழார் மகனும் ஒரே பள்ளியில் ஒரே தொழிலைக் கற்பது. எனினும் அவர் திட்டம் எங்கும் வேரூன்றியதென்று கூறல் மிகை. பட்டறையும் கருவியும் தொழிலறிந்த ஆசிரியரும் அரசாணையால் மட்டும் வந்துவிடுவதில்லை. பெற்றோர் கண்ணோ கல்லூரி வாயிலில் இருந்தது.

தொழிலைத் தாய்மொழியிற் கற்பிக்கச் சொற்கள் வேண்டுமே! 1946இல் அவர் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம் அதற்கும் துணையாயிற்று. அக்கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்தில், பொறியும் மருந்தும் பயிரும் தமிழில் விளக்கம் பெற்றன. அதன் முதன்மைப் பதிப்பாசிரியர் நம் கொங்குநாட்டுக் கவிஞர் பெரியசாமித் தூரன். வித்யாலயத்தில் ஆசிரியப் பணியாற்றியவர்.

பின்னர் நாடாளுமன்றத்தில் இருந்த ஆண்டுகளிலும் அவர் மனம் வித்யாலயத்திலேயே இருந்தது. 1957இல் கோவையில் மகளிருக்கென மனையியல் கல்லூரி தொடங்கினார். 1970இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1978இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி தொடங்கி, அதில் தொழிற்பிரிவும் அமைந்தபோது அவருக்கு அகவை எழுபத்தைந்து. 1991ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், எண்பத்தெட்டாம் அகவையில் மறைந்தார்.